காருக்கடியில் விரித்த வேட்டி

கார் எங்கே ஒழுகுகிறது என்று அன்வர் பாஷா படுத்துத் தேடுவதில்லை. செஞ்சிக் கோட்டைக்குப் போகும் ரோட்டில் இருந்த தன் பட்டறை வாசலில், காருக்கடியில் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துவிட்டு மதியத் தொழுகைக்குப் போவார். வந்து கறையைப் பார்த்தே சொல்லிவிடுவார். கறுப்பு என்றால் இன்ஜின் ஆயில். சக்கரத்தருகே வெளிறிய வழவழப்பு என்றால் பிரேக் ஆயில்.

அன்று பாண்டுரங்கனின் டாக்சிக்கடியில் வேட்டி வெள்ளையாகவே இருந்தது.

"இன்னா பாய், எடுக்கட்டுமா? அமாவாசை. மலையனூர் கோயிலுக்குப் போவணும்னு பொண்டாட்டி புள்ளைங்க வந்து நிக்கிதுங்க."

"ஒரு சொட்டு இல்லபா. தைரியமா போ. ஏரிக்கரை வளைவுல மட்டும் மெதுவா ஓட்டு."

பின் சீட்டிலிருந்து குழந்தை கையசைத்தது. கார் போய்விட்டது.

டீ குடித்துவிட்டு வந்து வேட்டியை மடிக்கக் குனிந்தார். பின் சக்கரம் நின்ற இடத்தில் ஒரு சொட்டு விழுந்தது. அண்ணாந்து பார்த்தார். மேலே வெறும் வெயில். மறுபடி ஒரு சொட்டு. உள்ளங்கையில் ஏந்தி, தேய்த்து, முகர்ந்தார். பிரேக் ஆயில். மிதித்தால் மட்டும் ஒழுகுகிற ஒழுகல். அவர் மிதித்துப் பார்க்கவில்லை.

சொட்டுகள் வேகமெடுத்து நூலாக இறங்கின. சட்டென்று நின்றன.

"பாண்டு!" என்று கத்திக்கொண்டு ரோட்டுக்கு ஓடியவர் திரும்பிப் பார்த்தார்.

வேட்டி முழுவதும் ஒரே சமயத்தில் நனைந்துகொண்டிருந்தது. பாசி வாடை அடித்தது.