ஸ்டெல்லாவின் செல்கள்

அருள்தாஸின் ஈரலில் சுரக்காத என்சைம், அவனுடைய முதல் மனைவி ஸ்டெல்லாவின் செல்களில் இருந்தது. விவாகரத்து வாங்கிப் போனவள் வாராவாரம் தன் செல்களை ஒரு குப்பியில் அனுப்பினாள். செல்களை உடைத்து, சவ்வில் வடிகட்டி, என்சைமை மட்டும் அவனுக்கு ஊசியில் ஏற்றுவது இரண்டாம் மனைவி ஜெசிந்தாவின் வேலை.

செல்களை உடைக்கும் இயந்திரம் சமையலறையில், மிக்ஸிக்குப் பக்கத்தில் இருந்தது. ஒருமுறை உடைத்தால் போதும். ஜெசிந்தா மூன்று முறை உடைப்பாள். ஸ்டெல்லாவின் ஒரு செல்கூட முழுதாக இவனுக்குள் போய்விடக் கூடாது. சவ்வில் தங்கிய சக்கையைச் சாக்கடையில் கொட்டுவாள்.

அவன் முகம் தெளிந்தது.

"வேற எந்த வீட்டுலயும் இவ்வளவு என்சைம் கிடைக்கல. என்னம்மா பண்றீங்க?" என்றார், மருத்துவமனையில் அவனைச் சோதித்த டாக்டர்.

"நல்லா உடைக்கிறேன் டாக்டர்."

வீடு திரும்பும்போது அருள்தாஸ் சொன்னான்: "ஸ்டெல்லாவுக்கு போன் பண்ணி ஒரு நன்றி சொல்லணும், ஜெசி."

அடுத்த குப்பியில் வந்த செல்களை ஜெசிந்தா ஐந்து முறை உடைத்தாள். அவன் இன்னும் தேறினான்.