எண்பத்து மூன்றாம் டோக்கன்

எண்பத்து மூன்றாம் டோக்கனோடு சடையன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தபோது, டாக்டர் ஷோபனா தன் மாற்றல் விண்ணப்பத்தின் கடைசி வரியை எழுதிக்கொண்டிருந்தாள். பேனாவை மூடாமலே தாளை ஓரமாகத் தள்ளினாள்.

"உக்காருங்க ஐயா. என்ன பண்ணுது?"

"நெஞ்சுல குத்துதும்மா."

"நாலு மணி பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிஷம்தான் மேடம்," என்றாள் கதவோரம் பையோடு நின்ற நர்ஸ் ஈஸ்வரி. விண்ணப்பத்தை ஜமுனாமரத்தூர் ஆபீஸில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவள் அவள்தான். இன்று கடைசித் தேதி.

ஷோபனா ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். வைத்ததுமே கேள்வி வந்தது.

"அந்தக் கொழா வழியா இன்னாம்மா கேக்குது?"

காலையிலிருந்து இப்படித்தான். நாக்கை ஏன் நீட்டச் சொல்கிறீர்கள்? டாக்டர் எழுத்து ஏன் கோழி கிறுக்கின மாதிரி இருக்கிறது? ஊசியைக் கையில் போடாமல் ஏன் இடுப்பில் போடுகிறீர்கள்? இந்த மலை ஆஸ்பத்திரிக்கு வந்த புதிதில் இந்தக் கேள்விகளுக்காகவே அவளுக்கு வேலை பிடித்திருந்தது. இப்போதும் பதில் சொல்லாமல் விட மனம் வரவில்லை. குரல்தான் களைத்திருந்தது.

"இதயத்துல ரத்தம் ஒரே பக்கமாத்தான் போகணும் ஐயா. திரும்பி வராம இருக்க உள்ள சின்னச் சின்னக் கதவுங்க இருக்கு. அது சாத்துற சத்தம்தான் கேக்குது. சரியா சாத்தலைன்னா ரத்தம் கசியும். உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வரும்."

"எங்கதவு எப்டிம்மா?"

"நல்லா சாத்துது."

அவர் முதுகில் ஒரு விரலை வைத்து, அதன்மேல் மறுகை விரலால் தட்டினாள்.

"தட்டுறது எதுக்கும்மா?"

"சாமை கொட்டி வெச்சிருக்கிற டிரம்மைத் தட்டினா, எதுவரைக்கும் சாமை இருக்குன்னு சத்தத்துலயே தெரியும்ல? அதேதான். நுரையீரல்ல காத்து இருந்தா டொம்முன்னு கேக்கும். தண்ணி கோத்திருந்தா சத்தம் அமுங்கிடும்."

சடையன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டார். "தெறந்து பாக்காமயே உள்ள பாத்துடுறீங்க!"

"பாத்துட்டேன். நாடி, பிரஷர் எல்லாம் ஒழுங்கா இருக்கு. உங்களுக்கு ஒண்ணுமே இல்லையே."

"போன புதன்கிழமை முட்டின்னாரு மேடம். அதுக்கு முந்துன புதன்கிழமை காது," என்றாள் ஈஸ்வரி. "அதுலயும் ஒண்ணும் இல்ல."

"நோவு இன்னா, ஒரே எடத்துல குந்திகினா இருக்கும்?" என்றார் சடையன்.

ஷோபனா கண்களை அழுத்தித் தேய்த்துக்கொண்டாள். இரண்டு மாதத்துக்கு முன் அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்திறங்கி, பதிவேட்டைப் புரட்டி, "ஒரு நாளைக்கு முப்பது பேர்தானா? இதுக்கு ஒரு டாக்டரா?" என்று எல்லோர் முன்னாலும் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். அவர் இன்று வந்து இந்த வரிசையைப் பார்க்க வேண்டும்.

நேற்று இந்த வரிசையில்தான், காய்ச்சலில் கொதிக்கும் குழந்தை ஒன்று போர்வைக்குள் சுருண்டு தாயின் தோளில் இரண்டு மணி நேரம் கிடந்தது. யார் கண்ணிலும் படவில்லை. குழந்தை பிழைத்துக்கொண்டது. ஒருத்தியால் இத்தனை பேரைப் பார்க்க முடியாது. ஒருநாள் பெரிய தவறு நடந்துவிடும். விண்ணப்பத்தில் காரணம் என்று அதைத்தான் எழுதியிருந்தாள்.

அவள் மாத்திரைச் சீட்டைக் கிழித்து நீட்டினாள். சடையன் வாங்கவில்லை.

"மாத்திரை கெடக்கட்டும். எம்பேரு நோட்டுல ஏறிடுச்சாம்மா?"

"ஏறிடுச்சி, ஏறிடுச்சி," என்றாள் ஈஸ்வரி. "இப்பல்லாம் எல்லாருக்கும் அதே கவலைதான்."

ஷோபனா விண்ணப்பத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டாள். சடையன் எழுந்திருக்காமல் அவள் முகத்தையே பார்த்தார்.

"கண்ணெல்லாம் செவந்து கெடக்கு. டாக்டருக்கே நோவு வந்தா யாருகிட்டம்மா காட்டுவாங்க?"

அன்று முதல்முறையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. "இன்னொரு டாக்டர்கிட்டதான். தன்னைத் தானே பாத்துக்கிட்டா சரியா புரியாது. பயமோ அலட்சியமோ குறுக்க வந்துடும்."

"இங்க இன்னொரு டாக்டரு இல்லியே."

"இல்ல ஐயா. அதான் முடியல."

தாளை மடித்து ஈஸ்வரியிடம் கொடுத்தாள். கீழே வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. ஈஸ்வரி செருப்பை மாட்டினாள்.

"இவ்வளவு கேள்வி கேட்டீங்களே, நான் ஒண்ணு கேக்குறேன்," என்றாள் ஷோபனா. "உண்மைய சொல்லுங்க. நோவே இல்லாம வாராவாரம் எதுக்கு ஆறு கிலோமீட்டர் நடந்து வர்றீங்க?"

சடையன் வெளியே வரிசையை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு குனிந்து, ரகசியமாகச் சொன்னார்:

"கூட்டம் கொறஞ்சா உங்கள மலைய வுட்டுத் தூக்கிடுவாங்களாமே, அதான் ஊருக்கு ஒரு நாளுன்னு மொற வெச்சி வந்துகினு கீறோம்மா."