பையில் தைத்த பெயர்

சமயநல்லூர்ப் பக்கத்து நூல் மில்லில் மேனேஜர் எல்லோரையும் மிஷின் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவார். மூன்று நாள் நிர்வாகப் பயிற்சிக்குப் போய் வந்தவர், அன்று ஆறாம் மிஷின் முன்னால் நின்று, சட்டைப் பையில் தைத்திருந்த பெயரைப் படித்தார்.

"பேச்சிமுத்து, சாப்பிட்டியாப்பா?"

அவன் திகைத்துப்போய்த் தலையாட்டினான்.

"பங்குனியில நெஞ்சு வலிக்குதுன்னு லீவு கேட்ட. நான்தான் திட்டி வேலை பாக்க வச்சேன். மனசு உறுத்துதுப்பா, மன்னிச்சிரு. இப்ப வலி எப்படி இருக்கு?"

"சொல்லிரு மாப்ள," என்று பக்கத்து மிஷின் பாதுஷா முணுமுணுத்தார்.

சொன்னால் வேலை போய்விடும்.

"இப்ப வலி இல்ல சார்."

மேனேஜர் மகிழ்ந்துபோய் அவன் தோளில் தட்டிவிட்டு, ஏழாம் மிஷினில் அடுத்த பெயரைப் படிக்கப் போனார்.

சாயங்காலம் வீட்டில் ஒச்சாயி அந்தச் சட்டையைத் துவைக்க வாங்கினாள்.

"மதினி, மேனேஜர் இன்னைக்கு அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு."

பங்குனியில் அந்த ஷிப்டு முடிந்து வந்து படுத்த பேச்சிமுத்து பிறகு எழுந்திருக்கவே இல்லை. மறுவாரம் காண்ட்ராக்டர் அதே சட்டையைத் தம்பிக்கு மாட்டி, அதே பெயரில், அதே மிஷினில் நிறுத்தினார்.

"மூஞ்சியப் பாத்தா கேட்டாரு?" என்றாள் ஒச்சாயி.

"ஆமா மதினி. நல்லாப் பாத்துத்தான் கேட்டாரு."