ஊருக்கொரு ஜாடி

பீங்கான் பட்டறையின் தகரக் கூரைக்கடியில் வெள்ளைத் தூசி வெயிலில் மிதக்கிறது. செத்துப்போன நடிகர் ராஜாங்கத்தின் அஸ்தியை ஊருக்கொரு ஜாடியில் வைத்துக் கும்பிடப் போகிறார்கள். சென்னையிலிருந்து வந்திருப்பதோ ஒரே கைப்பிடி. "உங்க வூட்டு அடுப்புச் சாம்பலயே போட்டு நெரப்புங்கக்கா, யாருக்குத் தெரியப்போவுது?" என்று ரசிகர் மன்றத் தலைவர் திருமால், பட்டறையில் வேலை செய்யும் பாஞ்சாலையிடம் காலையிலேயே சொல்லிவிட்டார். வீட்டிலிருந்து அள்ளிவந்த சாம்பலை அவள் சலித்துச் சலித்து ஜாடிகளில் கொட்டுகிறாள். "உசுரு போறப்பகூட ரசிகருங்களத்தான் கேட்டாராம்," என்று திருமால் மூக்கை உறிஞ்சுகிறார். "அண்ணன நேர்ல பாத்திருக்கீங்களாக்கா?" பாஞ்சாலை நிமிரவில்லை. "எனக்குத் தாலி கட்டுனப்ப பாத்தது." திருமாலின் கை ஜாடிமேல் அப்படியே நிற்கிறது. அவள் அடுத்த ஜாடியை இழுத்து வைத்துக்கொள்கிறாள். சினிமாவில் நடிக்கப் போனவன் திரும்பி வந்து ஒருவேளைகூடச் சாப்பிடாத அடுப்பின் சாம்பல், விளிம்புவரை நிறைகிறது.