முக்கால் பங்கு சோறு

மூன்று நாள் காய்ச்சலுக்குப் பிறகு சிட்டம்மாளுக்கு இன்றுதான் பசித்தது. மருமகள் பவளம் போட்ட ரசஞ்சோற்றைப் பிசைந்து முதல் வாய் வைத்தபோது, வாசலில் தபால்காரர் எத்திராஜின் சைக்கிள் வந்து நின்றது.

பவளம் போய் வாங்கிக்கொண்டு வந்தாள். எப்போதும் மோர் கேட்டுக் குடிக்கிற மனுஷன் இன்று கேட்காமலே போய்விட்டார்.

"இன்னாடி அது?"

பவளம் தாளை இன்னொரு முறை பார்த்தாள். "பாடந்தான் அத்தே. இங்கிலீசு."

சிட்டம்மாள் பதறவில்லை. சூடு கண்ட பூனை அவள். இரண்டு மாதத்துக்கு முன்னால் இப்படித்தான் ஓர் இங்கிலீஷ் தாள் வந்தது. அந்தத் தெருவுக்கு இங்கிலீஷ் எழுத்து வந்தால் அது தந்தி, தந்தி என்றால் சாவு. லாரி ஓட்டிக்கொண்டு வடக்கே போயிருந்த மகன் முத்துவேலை நினைத்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். தெருவே கூடிவிட்டது. கடைசியில் பார்த்தால், பத்தாவதில் இங்கிலீஷில் மட்டும் தவறிப்போன பவளத்துக்கு உத்திரமேரூர் டுட்டோரியல் வாத்தியார் தாமோதரன் அனுப்பிய பாடம். இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அவளைப் படிக்க வைப்பதே முத்துவேல்தான். பாஸ் பண்ணினால் பால்வாடியில் வேலை கிடைக்கும், அப்புறம் இந்த லாரிப் பிழைப்பே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"இன்னா போட்டுக்கீறாரு? சொல்லு, கேக்கறேன்."

பவளம் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "முக்கா பங்கு சோறுன்னா 'இஸ்' போடணும் அத்தே. முக்கா பங்கு ஆளுங்கன்னா 'ஆர்'. பங்க பாக்கக்கூடாது, எதுல பங்குன்னு பாக்கணும்."

"இன்னாத்துக்கு அப்டி?"

"சோறு ஒண்ணா கீது. ஆளுங்க தனித்தனி."

சிட்டம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. காய்ச்சல் விட்ட வாய்க்கு ரசம் அத்தனை ருசியாக இருந்தது.

"நம்ம வூட்ல மூணு பேரு. மூணுல ரெண்டு பங்கு இங்க கீறோம். அதுக்கு?"

பவளம் சோற்றுப் பானையை அருகில் இழுத்தாள். இன்னொரு கரண்டி சோற்றை அள்ளி மாமியார் தட்டில் வைத்தாள்.

"ஆர்" என்றாள். "இன்னும் ரெண்டு வாய் துன்னு அத்தே."

போதும் போதும் என்றாலும் விடவில்லை. பெற்ற மகள்கூட இப்படிப் பார்த்துப் பார்த்துப் போடமாட்டாள் என்று சிட்டம்மாளுக்கு மனசு குளிர்ந்துபோனது. தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

கை கழுவிவிட்டுத் திரும்பினாள். பவளம் தனக்குத் தட்டு எடுத்து வைக்கவில்லை. குழம்புச் சட்டியை இறக்கிவிட்டு, எரிகிற அடுப்பில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினாள்.

சாவு விழுந்த வீட்டில்தான் அடுப்பை அப்படி அவிப்பார்கள்.

சிட்டம்மாளுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. புருஷன் செத்த சேதி வந்த அன்றைக்கு, அவளும் தன் மாமியாருக்கு வயிறாரக் கஞ்சி ஊற்றிவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். சொல்லிவிட்டால் அப்புறம் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது.

புகை வீடெல்லாம் பரவியது. பவளத்தின் கையில் அந்தத் தாள் கசங்கிக் கிடந்தது.

சிட்டம்மாளுக்கு அழுகைகூட வரவில்லை. மருமகளின் ஒட்டிக் கிடந்த வயிற்றைப் பார்த்தாள்.

"நீ துன்னியாடி?" என்று கேட்டாள்.