பதினாறு மேடு

பெர்னார்ட் வரிசையாகக் கிடந்த மண்மேடுகளில் ஒன்றின் மேல் செம்பருத்திப் பூவை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க பெரியப்பா. தங்கமான மனுசன்" என்றார்.

சர்வேயர் தினேஸ்வரி தலையை மட்டும் ஆட்டிவிட்டு, பையிலிருந்து, தரையின் மேடுபள்ளத்தை லேசரால் அளக்கும் லைடார் ஸ்கேனரை எடுத்தாள். கைப்பிடி வைத்த டார்ச்லைட் மாதிரிதான் இருந்தது. அதன் தலை மட்டும் விர்ரென்று சுற்றிக்கொண்டே இருந்தது.

சுங்காய்க்குப் பக்கத்து மூணாங்கட்டைத் தோட்டத்தில் இப்போது ரப்பரும் இல்லை, தொழிலாளர்கள் குடியிருந்த லயமும் இல்லை. எல்லாவற்றையும் ஒரு வீடமைப்பு நிறுவனம் வாங்கிவிட்டது. சர்வே படத்தில் கல்லறை வந்தால் அந்த மூலையை வேலி போட்டு விட்டுவிடுவோம், வராவிட்டால் திங்கட்கிழமை புல்டோசர் இறங்கும் என்று அவர்கள் எழுதியே கொடுத்திருந்தார்கள்.

அந்த மூலை வேண்டியிருந்தது இருளாயிக்குத்தான். அவருடைய கணவர் சன்னாசியை இருபத்தைந்து வருடங்களுக்கு முன்பு இங்கேதான் புதைத்தார்கள். கடைசியாகப் புதைத்தது அவரைத்தான்; மறுமாதமே தோட்டத்தை மூடிவிட்டார்கள். பெண்கள் இடுகாட்டுக்குப் போகும் வழக்கம் இல்லாததால், இருளாயியை முச்சந்தியோடு நிறுத்திவிட்டார்கள். குழி வெட்டிய ஆண்களில் இன்று ஒருவரும் உயிரோடு இல்லை.

அதனால்தான் இன்றைக்குத் துணையாக பக்கத்து வீட்டு பெர்னார்ட் வந்திருந்தார். லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். ஒரு வேலையில் இறங்கினால் மனுஷன் ஒழுங்காக இறங்குவார்.

"நான் நடக்கறப்ப நீங்க யாரும் நடக்கக் கூடாது. படத்துல பேய் மாதிரி இழுத்துக்கிட்டு வரும். எங்கயாச்சும் உக்காந்துருங்க" என்றாள் தினேஸ்வரி.

இருளாயி மேடுகளைத் தாண்டி ஓரமாகப் போனார். அங்கே இடுப்பளவு பெரணிச் செடி மண்டிக் கிடந்தது. அதற்குள் உட்காரத் தோதாக லேசான பள்ளம் ஒன்று இருந்தது. காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

பெர்னார்டுக்கு வேறு கவலை. இந்த மிசினுக்கு மேடெல்லாம் சரியாகத் தெரியுமா என்று இரண்டு தடவை கேட்டார். ரெண்டு விரல் மேடும் தெரியும், ரெண்டு விரல் பள்ளமும் தெரியும், இலைச் சந்தில் புகுந்து தரையைத் தொட்டுவிட்டு வந்துவிடும் என்று தினேஸ்வரி சொன்னாள். முதல் பாதி அவருக்குப் பிடித்திருந்தது. மீதியை அவர் காதில் வாங்கவில்லை.

அவள் ஸ்கேனரை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, தூங்கும் குழந்தையைத் தூக்கிப் போவதுபோல மெதுவாக நடந்தாள். மேடுகளைச் சுற்றினாள், பெரணிக்குள் புகுந்தாள், கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தாள். பிறகு தன் பிக்அப் வண்டியின் பின்பலகையில் லேப்டாப்பை விரித்து உட்கார்ந்தாள். அரை மணி நேரம் படத்தை உருட்டி உருட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, கையக் காட்டுங்க."

பெர்னார்ட் காட்டினார். இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம்.

"பதினாறு மேடும் கயிறு புடிச்ச மாதிரி ஒரே அளவு. எல்லாம் கெழக்க மேக்க கெடக்கு. இது மாரியம்மன் கும்புட்ட தோட்டம்ணே. நம்ப ஆளுங்கள தெக்க தல வச்சிதான பொதைப்பாங்க?"

பெர்னார்டுக்குத் தெரிந்ததெல்லாம் ஈப்போவில் அவருடைய மாதா கோவில் கல்லறைத் தோட்டம்தான். அதைப் பார்த்துத்தான் இரண்டு நாளாக மண்ணை வெட்டி அடுக்கியிருந்தார். பெரியப்பா இன்னமும் கோலாகங்சாரில் உயிரோடு இருந்தார். "இத நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா" என்று இருளாயியைப் பார்த்துக் குறைபட்டுக்கொண்டார்.

"பொம்பளைங்கள எங்க உள்ள வுட்டாங்க? தல தெக்கயா வடக்கயான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் இருளாயி, உட்கார்ந்த இடத்திலிருந்தே.

பிறகு பெர்னார்ட் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். கல்லறைகள் இங்கே எங்கேயோ இருப்பது நிஜம், எங்கே என்பதுதான் தெரியவில்லை, வெறும் காட்டைக் காட்டினால் யார் நம்புவார்கள், அதனால்தான் இப்படிச் செய்தோம் என்றார். குற்றம் தன்னுடையது, அந்த அம்மாவை ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

தினேஸ்வரி லேப்டாப் பக்கம் திரும்பினாள். பதினாறு மேட்டையும் ஒவ்வொன்றாகப் படத்திலிருந்து அழித்தாள். இருளாயி அழவில்லை. அவருக்கு அழக்கூட வரவில்லை. "அப்ப திங்கக்கெழம வந்துருவாங்க" என்று மட்டும் சொன்னார்.

அழித்து முடித்தவள் கல்லறை எண்ணிக்கை என்ற கட்டத்தில் 43 என்று தட்டினாள். பெர்னார்ட் அதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நாங்க பதினாறுதான் போட்டோம். பாவம் பாத்து நீங்க கூட்டிப் போட வேணாம்மா, மாட்டிக்குவீங்க."

"இது நான் போட்டது இல்லண்ணே. பொதச்ச மண்ணு இத்தன வருசத்துக்கு மேடா நிக்காது, உள்ள எறங்கிரும்."

லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். படத்தில் பெரணியையெல்லாம் வழித்து எடுத்திருந்தாள். வெறும் தரையில் ஆறடி ஆறடியாகப் பள்ளங்கள், எல்லாம் தெற்கு வடக்காக, ரப்பர் நிரை மாதிரி வரிசை வரிசையாகக் கிடந்தன. கடைசி நிரை மட்டும் நாலாவது பள்ளத்தோடு நின்றுபோயிருந்தது.

பெர்னார்ட் சிலுவை போட்டுக்கொண்டார்.

பெரணிக்குள்ளிருந்து இருளாயி கேட்டார். "கடைசியா பொதச்சது எதுன்னு அந்த மிசினு சொல்லுமாம்மா?"

தினேஸ்வரி படத்தைப் பார்த்தாள். பிறகு இருளாயியைப் பார்த்தாள்.

"நீங்க உக்காந்திருக்கறதுதாங்க்கா."