பெயருக்கு முன்னால் ஒரு சொல்

மகளின் கல்யாணப் பத்திரிகை அச்சகத்திலிருந்து பிழை பார்க்க வந்திருந்தது. ஆங்கிலப் பக்கத்தில் பூரணவல்லியின் கணவர் சங்கரபாண்டியனின் பெயருக்கு முன்னால் ஒரு சொல் கூடுதலாக இருந்தது. அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். லேட். அவர் துபாய்க்குப் போய் ஏழு வருஷம். கடைசி இரண்டு வருஷமாக ஒரு தகவலும் இல்லை. அச்சகத்துக்குப் போன் செய்தாள்.

"பேருக்கு முன்னால லேட்னு இருக்கே, வர லேட்டாகும்னு அர்த்தமா?"

"இல்லம்மா. ஆள் தவறிட்டாருன்னு அர்த்தம். உங்க கொழுந்தனார்தான் எழுதிக் குடுத்தாரு."

சாயங்காலம் கொழுந்தன் ஆவுடையப்பன் வந்ததும், பத்திரிகையை விரித்து அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தாள்.

"அச்சாபீஸ்காரன் தப்பாப் போட்டுட்டான் மைனி. அடிச்சிரச் சொல்லுதேன்."

"நீதான் எழுதிக் குடுத்தேன்னு சொல்லுதான்."

அவன் பத்திரிகையையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்னையறியாம எழுதிட்டேன்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "கல்யாணம் முடியட்டும் மைனி" என்றான்.

உள்ளறையில் மகள் யாருடனோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். பூரணவல்லி எழுந்துபோய் அந்தக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்து, அவன் எதிரே உட்கார்ந்தாள்.

"இப்பச் சொல்லு" என்றாள்.